கொடி முடிச்சு

அந்த நம்பருக்கு அடிக்காதீர்கள் தோழரே. கம்பத்தில் ஒட்டியிருக்கிறதே, ‘வீடு வாடகைக்கு, நேரடி உரிமையாளர்’ என்று, அது உரிமையாளர் இல்லை. புரோக்கர். நீங்கள் போய் நின்றால் அந்த வீடு நேற்றுத்தான் போனது என்பார். வேறொன்றைக் காட்டுகிறேன் என்று ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போவார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே நம்பருக்கு ஏழு தடவை அடித்தவன் நான்.

உட்காருங்கள். ஆவடி பஸ் இப்போதுதான் போனது. அடுத்தது வர அரை மணி நேரமாவது ஆகும். நான் பஸ்ஸுக்காக நிற்கவில்லை. பூவும் மஞ்சள் சரடும் வாங்கி வரச் சொல்லி வீட்டில் அனுப்பினார்கள். வாங்கியாகிவிட்டது, இதோ மடியில் இருக்கிறது. எழுந்து போகத்தான் முடியவில்லை. மணி என்ன? ஒன்பது ஐந்தா? பத்தரைக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்களுக்கு வீடு இல்லை.

கை நடுங்குகிறதைப் பார்க்கிறீர்கள். பயம் இல்லை. எழுபது வயது, அவ்வளவுதான். நான் நாலு தடவை சிறைக்குப் போனவன். லேத் பட்டறையில் முப்பது வருஷம், சங்கத்தில் முப்பத்தைந்து வருஷம், பகுத்தறிவு இயக்கத்தில் அதற்கும் மேலே. ஆலை வாசலில் போலீஸ் அடித்த அடியில் இந்தத் தோள்பட்டை இறங்கியது. அப்போதுகூட நடுங்கவில்லை.

பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், அம்பத்தூர்ப் பக்கம். கீழ்ப்பகுதி எங்களுக்கு. வீட்டுக்காரர் நல்ல மனிதர், இறந்துவிட்டார். பையன் வெளியூரிலிருந்து வந்தான். பில்டருக்குக் கொடுத்துவிட்டேன் ஐயா, ஆனி முடிய டைம் எடுத்துக்குங்க என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அப்போது வைகாசி. நாற்பது நாளுக்கு மேல் இருந்தது.

என் மனைவி அல்லி அன்றைக்கே கிளம்பலாம் என்றாள். அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சு மருந்து வைக்கிற மெஷின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதனால் அவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஆனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கோவில்பதாகையில் ஒரு வீடும் பார்த்து வைத்தாள். ஒரு ஹால், ஒரு ரூம், பின்னால் துணி காயப்போட இடம். ஒன்பதாயிரம் வாடகை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாங்க என்றாள்.

நான் சிரித்தேன். இன்னும் இருபது நாளில் ஆடி வருகிறது, தெரியுமா என்றேன். ஆடியில் இந்த மூட ஜனங்கள் யாரும் வீடு மாற மாட்டார்கள். காலி வீடு காலியாகவே கிடக்கும். புரோக்கர்கள் ஈ ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் நாம் போய் நின்றால் இதே வீடு ஏழாயிரத்துக்கு வரும். நாள் நட்சத்திரம் பார்க்காதவனுக்கு அதில் ஒரு லாபமாவது இருக்க வேண்டாமா?

சரியான கணக்குத்தானே தோழரே? நீங்களே சொல்லுங்கள். தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா?

அவள் ‘குடுக்கறவனும் ஆடி பார்ப்பானேங்க’ என்று மட்டும் முணுமுணுத்தாள். அடுப்படியில் இருந்துகொண்டு சொன்னதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதே கோவில்பதாகை வீடு. காலியாகத்தான் இருந்தது. என் கணக்கு அதுவரை சரி. வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க சார், நல்ல நாள், பால் காய்ச்சிட்டுக் குடி வந்துடுங்க என்றார். எனக்கு இன்றைக்கே வேண்டும் என்றேன். ஆடியில சாவியைக் கைமாத்தறதில்லைங்க என்றார்.

என் பையில் ஒரு துண்டுப் பிரசுரம் எப்போதும் இருக்கும். ‘ஆடி என்ன பாவம் செய்தது?’ நானே எழுதியது, எண்பத்தாறில். மூவாயிரம் பிரதி போட்டோம். பன்னிரண்டு பக்கம். அதில் நாலாவது பக்கத்தை நின்றுகொண்டே வாசித்துக் காட்டினேன். அந்த மனிதர் முழுக்கக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்காங்க சார் என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். அப்படியா, சந்தோஷம் என்று கதவைச் சாத்தினார்.

அதற்கப்புறம் பதினோரு வீடு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர், வெஜ்ஜா நான்வெஜ்ஜா, பசங்க என்ன பண்றாங்க. ஒரே மகள், கோயம்புத்தூரில் மாமியார் வீட்டோடு இருக்கிறாள், அங்கே எங்களுக்கு இடமில்லை. அண்ணனூரில் ஒருவர் கேட்டார், நீங்க என்ன ஆளுங்க? மனுஷ ஆளுங்க என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, அந்த ஆளுங்களுக்கு வீடு இல்லைன்னு சொல்லுங்க என்றாள். இன்னொருவர் அல்லியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வயசானவங்க, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நாங்க வீட்டைப் பூட்டி வைக்கணும் என்றார். அவளை நிற்கவைத்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் எல்லாவற்றிலும் மோசம் திருமுல்லைவாயலில் நடந்தது. எல்லாம் பேசி முடிந்துவிட்டது. ஆடி கீடி பார்க்கிறதில்லை சார் என்றுவிட்டார் அவர், படித்தவர். சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அவருடைய அம்மாவோ அத்தையோ, ஒரு அம்மாள், அல்லியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இவங்க உங்க சம்சாரமா என்றது.

எங்களுக்கு எண்பத்தொன்றில் கல்யாணம். ஐந்நூறு பேர் முன்னால், மேடையில், மாலை மாற்றி ஒப்பந்தம் படித்த கல்யாணம். தாலி கிடையாது. சட்டமே ஏற்றுக்கொண்ட திருமணம் அம்மா என்று ஆரம்பித்தேன். தாலி என்பது பெண்ணைப் பூட்டும் விலங்கு என்பதை வரலாற்றுப்படி விளக்கினேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். அந்தப் படித்தவர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். பெரியவங்களுக்கு மனசு ஒப்பலை சார் என்றார்.

அல்லியோடு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். ஆமாம் என் சம்சாரம்தான்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் என்றாள், இறங்கும்போது. இழுப்பு அதிகமாக இருந்ததால் கோபமாகப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆடி ஆறாம் தேதி வீட்டை இடிக்க வந்துவிட்டார்கள்.

நாங்கள் உள்ளே இருக்கும்போதே. மேல் தளத்திலிருந்து தொடங்கினார்கள். முதலில் ஜன்னல்களைக் கழற்றினார்கள், அப்புறம் கைப்பிடிச் சுவர். எங்கள் தலைக்கு மேலே கடப்பாரை. ஒவ்வொரு அடிக்கும் விட்டத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டும். வீட்டுக்காரப் பையனுக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. மதியம் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். அல்லியின் மெஷின் நின்றுபோனது. அவள் முந்தானையை ஈரமாக்கி மூக்கில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் நெஞ்சுக் குழி உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. நான் அதைப் பார்த்தேன் தோழரே. சிறையில் ஒரு தோழர் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அது மாதிரி ஒரு சத்தம்.

நான் வெளியே போய்ப் படிக்கட்டை மறித்து நின்றேன். கையை உயர்த்தி முழக்கம் போட்டேன். ஒரு ஆள். நான் மட்டும். கடப்பாரை வைத்திருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள், தமிழ் தெரியாது. நின்று கேட்டார்கள். முடிந்ததும் ஒருவன் சிரித்துக்கொண்டு எனக்கு ஒரு கப் டீ நீட்டினான். அவனும் தொழிலாளி. நான் என்ன செய்ய? வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்ததும் என் தோளை மெதுவாக நகர்த்திவிட்டு மேலே ஏறிப் போனான்.

அன்றைக்குத்தான் முதல் தடவை இந்தக் கை நடுங்கியது. வயது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லுங்கள்.

நான் மறுபடி உள்ளே போனால் கட்டிலில் அல்லி இல்லை. பக்கத்துக் கடைக்காரர், அம்மா ஆட்டோ பிடிச்சுப் போனாங்களே என்றார். ஆஸ்பத்திரிக்கா என்றேன். தெரியலை என்றார். நாலு மணி வரை அந்தச் சுண்ணாம்புத் தூளில் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ நினைத்தேன். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வந்தாள். கையில் ஒரு சாவி. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் சரடு, அதன் நுனியில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

என்ன இது என்றேன். வீடு கிடைச்சிருக்கு, சாமானைக் கட்டுங்க என்றாள். என்ன இது அல்லி என்று மறுபடி கேட்டேன். தங்கத் தாலி அடகுல இருக்குன்னு சொல்லியிருக்கேன், நீங்க எதுவும் உளறிடாதீங்க என்றாள். நாற்பத்துமூன்று வருஷத்தில் என் பேச்சை உளறல் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதோ, இந்தத் தெருவில் ஐந்தாவது வீடு. பச்சை கேட். கீழே நாங்கள், மேலே வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாள் பெயர் குணவதி. அவர் கணவர் ரத்தினவேல், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசவே மாட்டார். ஆடியில் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அல்லியின் யோசனை. ஆவணி ஒன்று வரைக்கும் நாங்கள் குடித்தனக்காரர்கள் இல்லை, விருந்தாளிகள். அக்ரிமென்ட் ஆவணியில்தான். பால் காய்ச்சுவதும் அன்றைக்குத்தான். அதுவரை சமைக்கலாம், பால் மட்டும் அடுப்பில் ஏறக் கூடாது. பதினோரு நாளாகக் கடுங்காப்பி குடிக்கிறேன். இதை வைத்து ஒரு பிரசுரம் எழுதலாம். எழுத மாட்டேன். விருந்தாளியை எந்த நேரத்திலும் போ என்று சொல்லலாம், தெரியுமல்லவா?

அதுதான் எனக்கு… பயம் என்று சொல்லவில்லை. ஜாக்கிரதை. பிரசுரக் கட்டுகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அல்லியின் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எங்கள் கல்யாணப் படம் பேப்பர் சுற்றியபடியே பெட்டியில் கிடக்கிறது. அதில் அவள் கழுத்து வெறுமையாக இருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறேன். போலீஸ் பூட்ஸ் சத்தத்துக்குக்கூட நான் பேச்சை நிறுத்தியதில்லை. அந்த அம்மாளின் ரப்பர் செருப்புக்கு நிறுத்துகிறேன்.

ஒரு நாள் அந்த அம்மாள் மேலேயிருந்து, ‘அலமேலூ’ என்று கூப்பிட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அல்லி, ‘என்னக்கா’ என்று உடனே குரல் கொடுத்தாள். அலமேலு என்பதுதான் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். கல்யாண மேடையில் எங்கள் தலைமைத் தோழர் அல்லி என்று மாற்றினார். ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். நாற்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. ஆனால் எவ்வளவு சட்டென்று திரும்பினாள் பாருங்கள். எச்சரிக்கையான பெண். எனக்கும் பழைய பெயரைச் சொல்லிவிட்டாள். வேங்கைமாறன் என்று மாநிலம் முழுக்கப் போஸ்டர் ஒட்டியவன் இப்போது வெங்கடேசன் சார்.

அவள் நடிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். குளித்து வந்ததும் அந்தச் சரட்டுக்கு மஞ்சள் பூசுகிறாள். கண்ணாடி முன்னால் நின்று அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அறையில் யாருமே இல்லை, மேலே இருப்பவர்கள் பார்க்கவும் வழியில்லை, அப்போதும் செய்கிறாள். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவ்வளவு தத்ரூபம். இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். இழுப்புகூடக் குறைந்திருக்கிறது. தூசி இல்லாத இடம், அதனால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ஆடிப் பதினெட்டு.

நேற்றுச் சாயங்காலம் அந்த அம்மாள் கீழே இறங்கி வந்தது. சார், நாளைக்குப் பெருக்கு, நாங்க ரெண்டு பேரும் சரடு மாத்திக்கப் போறோம், எனக்கு இவர் கட்டுவார், அலமேலுவுக்கு நீங்க கட்டுங்க, கட்டினவர் கையால மாத்திக்கிட்டாத்தான் விசேஷம், பத்தரைக்குள்ள நல்ல நேரம் என்றது. எனக்குக் கை நடுங்கும் அம்மா என்றேன். நடுங்கினா என்ன சார், முதல் தடவையா கட்டப் போறீங்க என்று சிரித்தது.

முதல் தடவையாகத்தான் கட்டப் போகிறேன். அதை எப்படிச் சொல்வேன்?

நான் இருநூறு கல்யாணம் நடத்தி வைத்தவன் தோழரே. இந்தக் கழுத்துக் கயிற்றை அறுத்தெறியுங்கள் என்று திருவள்ளூரிலிருந்து திண்டிவனம் வரை மேடை போட்டுப் பேசியவன். என் பேச்சைக் கேட்டுக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் தெருவில் நடந்து போனால்? ஜன்னல் வழியாகப் பார்த்தால்? நாற்பத்துமூன்று வருஷத்தை ஒரு முழக் கயிற்றில் விற்றுவிட்டான் என்பார்கள். கட்டாவிட்டால் பதினாலு நாளில் ஆவணி. விருந்து முடிந்தது என்று அந்த அம்மாள் சொல்லும். மறுபடி அந்த மூச்சுச் சத்தம். அதை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

நேற்றிரவு அல்லியிடம் கொள்கை என்று ஆரம்பித்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாங்க, நான் அக்காகிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன் என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, ஆனா நீங்க கட்டினா நல்லாருக்கும் என்றாள். அக்கா நம்புவார், நல்லாயிருக்கும் என்ற பொருளில்.

மணி என்ன? ஒன்பதேமுக்காலா? அதற்குள்ளா?

தோழரே, உங்கள் விரலில் மோதிரம் இருக்கிறது. கல்யாணமானவர். ஒரு உதவி. மூன்று முடிச்சு என்கிறார்களே, அதை எப்படிப் போடுவது? சிரிக்காதீர்கள். அதை எதிர்த்து எழுதியிருக்கிறேன், போட்டதில்லை. இந்தாருங்கள் சரடு. இந்த பஸ் ஸ்டாப் கம்பியைக் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னது? நீங்கள் ஒன்றுதான் போட்டீர்களா? மீதி இரண்டும் உங்கள் அக்காதான் போட்டாரா? எல்லோரும் அப்படித்தானா? பாருங்கள், இது எங்கள் பிரசுரம் எதிலும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு முடிச்சு தெரியும். கொடி முடிச்சு. மே தினத்துக்கும் மாநாட்டுக்கும் கொடியைப் பூவோடு சுருட்டி, கம்பத்தில் ஏற்றிக் கட்டுவோமே, அது. மேலே நிற்கும்போது இறுக்கமாகத் தெரியும். கீழேயிருந்து கயிற்றைச் சுண்டினால் ஒரே இழுப்பில் அவிழ்ந்து பூ கொட்டும். அதைப் போட என்னை மிஞ்சிய ஆள் ஜில்லாவில் கிடையாது. உண்மையைச் சொல்கிறேன், நேற்று அதைத்தான் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மாளுக்கு முடிச்சு முடிச்சாகத் தெரியும். எனக்கு அது முடிச்சே இல்லை. கட்டினேன், கட்டவில்லை. இரண்டும் உண்மை. கொள்கையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். நல்ல தந்திரம்தானே? யாரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள்தான் வைத்திருந்தேன்.

காலையில் பூ வாங்கக் கிளம்பினேன். கேட் வரைக்கும் வந்தாள். தலை குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். சில்லறை கொடுத்தாள். நான் நாலு அடி நடந்திருப்பேன்.

‘என்னங்க’ என்றாள்.

திரும்பினேன்.

‘அந்தக் கொடி முடிச்சைப் போட்டுடாதீங்க.’

அவ்வளவுதான். கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மாள் இழுத்துப் பார்த்துவிடுமோ என்று பயம் அவளுக்கு. அதற்காகத்தான் சொல்லியிருப்பாள். வேறு எதற்குச் சொல்லப் போகிறாள், நீங்களே சொல்லுங்கள்.

அதோ உங்கள் பஸ் திரும்புகிறது. கூட்டம் இல்லை, உட்கார்ந்தே போகலாம்.

இல்லை, இருங்கள். அது போகட்டும், அடுத்தது வரும். இந்தக் கம்பியில் இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். மெதுவாக. இழுத்தால் அவிழக் கூடாது.